சட்டம் மாறியதை எங்கிருந்து அறிவது? யாழ்ப்பாணத்தில் வழக்காடும் சட்டத்தரணிக்கு நான்கு வழிகள்

வர்த்தமானியை ஒவ்வொரு கிழமையும் நாமே பார்க்க வேண்டுமா? சங்கத்தின் அறிவித்தல் போதாதா? வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டுவிடுவார்கள்தானே? தீர்ப்புகளை எங்கே தேடுவது? யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் தோன்றும் இளைய சட்டத்தரணிகள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தனியாகத் தொழில் செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. காலையில் மல்லாகத்தில் ஒரு தவணை, மதியத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் இன்னொன்று, மாலையில் கட்சிக்காரர்கள். மிஞ்சுவது கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் அதை எதில் போடுவது என்பதைத் தீர்மானித்தே ஆக வேண்டும்.

இருக்கிற வழிகளை நான்காகப் பிரிக்கலாம். ஒன்று, வர்த்தமானியும் பாராளுமன்ற இணையத்தளமும். இரண்டு, தீர்ப்புத் தொகுப்புகளும் நீதிமன்றத் தளங்களும். மூன்று, சட்டத்தரணிகள் சங்கமும் அதன் கருத்தரங்குகளும். நான்கு, பத்திரிகையும் வாட்ஸ்அப்பும்.

## எதை வைத்து அளப்பது

"சட்டம் வந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது ஐந்து வெவ்வேறு நிலைகளில் ஒன்றாக இருக்கலாம். அமைச்சரவை அனுமதித்திருக்கலாம். சட்டமூலம் வர்த்தமானியில் வந்திருக்கலாம். பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கலாம். சபாநாயகர் சான்றுரைப்படுத்தியிருக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்தேவிட்டிருக்கலாம். இவற்றில் கடைசி இரண்டு நிலைகளும் ஒரே நாளில் நிகழ வேண்டும் என்றில்லை. 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 8 அன்று சான்றுரைப்படுத்தப்பட்டது. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 15. ஆகஸ்ட் 20 அன்று நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு இலஞ்சச் சம்பவத்துக்கு எந்தச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு வர வேண்டும் என்ற கேள்வி இந்த இடைவெளிக்குள்தான் பிறக்கிறது.

ஆகவே ஒரு தகவல் வழியை அளக்கும்போது முதலில் கேட்க வேண்டியவை:

- அது தருவது சட்டத்தின் வாசகமா, வாசகத்தைப் பற்றிய செய்தியா?
- நடைமுறைக்கு வரும் திகதியைச் சொல்கிறதா?
- ஏற்கெனவே நடக்கும் வழக்குகளுக்கு என்ன ஆகும் என்பது அதில் தெரியுமா?
- நீதிபதி கேட்டால் கையளிக்கக் கூடியதா?
- தமிழில் கிடைக்குமா?
- கிழமைக்கு எவ்வளவு நேரம் தின்னும்?

வேகம் இந்தப் பட்டியலில் இல்லை. வேகமும் வேண்டும்தான். ஆனால் ஒரு நாள் பிந்தி அறிந்ததால் தோற்ற வழக்கை விட, பிழையாக அறிந்து தாக்கல் செய்ததால் தோற்ற வழக்குத்தான் அதிகம் நட்டம் தரும். சில கால எல்லைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை கீழே வரும்.

| | வாசகத்தின் அதிகாரம் | அமலாகும் திகதி | தமிழ் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வர்த்தமானி, பாராளுமன்றத் தளம் | முழுமையானது | தெரியும், ஆனால் தேட வேண்டும் | உண்டு | நேரம். தேடல் வேலை செய்யாத கோப்புகள் |
| தீர்ப்புகள் | மேல்நிலைத் தீர்ப்பாயின் கட்டுப்படுத்தும் | பொருந்தாது | பெரும்பாலும் ஆங்கிலம் | பின்னர் மாற்றப்பட்டதா எனச் சரிபார்த்தல் |
| சங்கம், கருத்தரங்கு | இல்லை | பேசுபவரைப் பொறுத்தது | பெரும்பாலும் உண்டு | அரை நாள் தொழில். கொழும்புப் பயணம் |
| பத்திரிகை, வாட்ஸ்அப் | இல்லை | அரிது | உண்டு | பிழையைத் திருத்த ஆகும் செலவு |

## வர்த்தமானியும் பாராளுமன்றத் தளமும்

வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. அதி விசேட வர்த்தமானிகள் எந்த நாளிலும் வரும். அவற்றின் இலக்கம் அந்தக் கிழமையின் இலக்கத்துக்குப் பின் ஒரு சாய்கோடும் வரிசை எண்ணுமாக இருக்கும். சட்டமூலங்களும் சட்டங்களும் பகுதி II இன் குறைநிரப்பியாக அச்சாகின்றன. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் ஆவணத் தளத்தில் மூன்று மொழிகளிலும் இலவசமாகப் பதிவிறக்கலாம். பாராளுமன்றத் தளத்தில் சட்டமூலங்களுக்கும் சட்டங்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன.

இந்த வழியை ஏன் முதலில் வைக்க வேண்டும் என்பதற்கு வடக்கிலேயே அண்மைக்கால உதாரணம் உண்டு. 2025 மார்ச் 28 திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானியில், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைப் பற்றி அறிவித்தல் வந்தது. அதில் பெரும்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். கோராத காணி அரச காணியாக அறிவிக்கப்படலாம் என்பது அதன் விளைவு. ஊரில் பரவலாகப் பேசப்பட்டபோது அந்த மூன்று மாதத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே கரைந்துவிட்டிருந்தது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை கிடைத்தது நல்லதே. ஆனால் புலம்பெயர்ந்த உரித்தாளர்களைக் கண்டுபிடித்து, உறுதிகளைத் தேடி, தோம்பு (காணிப் பதிவேடு) ஆராய்ந்து கோரிக்கை தயாரிக்க ஒரு சட்டத்தரணிக்கு மூன்று மாதமே போதாது என்ற நிலையில், கால எல்லை ஓடத் தொடங்குவது செய்தி வந்த நாளில் அல்ல, வர்த்தமானி வந்த நாளில். காணி வழக்குப் பார்ப்பவர்கள் பகுதி III ஐ, அதாவது காணி அறிவித்தல்களை, விடாமல் பார்க்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதேபோல் ஓடிப்போன இன்னொரு காலம்: 2016இன் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் தம் உரிமையை நிலைநாட்ட முடியாமற் போனவர்களுக்கு எதிராக, பத்தாண்டு தொடர்ந்து காணியை வைத்திருந்தவருக்குக் கிடைக்கும் ஆட்சியுரிமையைக் கணக்கிடும்போது அந்தக் காலத்தை விலக்க அது இடம் கொடுத்தது. ஆனால் வழக்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் இருந்தது என்பதை 2019இல் அறிந்த கட்சிக்காரருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

சட்டமூலக் கட்டத்தையும் தவறவிடக் கூடாது. அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையின்படி, சான்றுரைப்படுத்தப்பட்ட சட்டத்தின் வலிதைப் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. ஆட்சேபிக்க வேண்டுமானால் சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) இடப்பட்டதிலிருந்து ஓடும் குறுகிய காலத்துக்குள் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்தக் கதவு ஒருமுறைதான் திறக்கிறது. வடக்கின் கட்சிக்காரர்களைத் தொடும் ஒரு சட்டமூலம் பற்றி அந்த நாட்களுக்குள் கொழும்புக்கு அறிவுறுத்தல் போக வேண்டுமானால், இங்கே யாரோ ஒருவர் அதைப் படித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை இதற்கு நாற்பது நிமிடம் போதும். செய்யும் ஒழுங்கு இது:

1. அந்தக் கிழமையின் அதி விசேட வர்த்தமானிகளின் தலைப்புகளை மட்டும் ஓட விடுங்கள். நீதி, பாதுகாப்பு, காணி, நிதி அமைச்சுகளின் பெயரில் வந்தவற்றைத் திறவுங்கள். ஒரு சட்டத்தின் ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரும் திகதியைக் குறிக்கும் அமைச்சரின் கட்டளை பெரும்பாலும் ஒற்றைப் பக்கத்தில் இருக்கும். தவறவிடுவது மிக எளிது.
2. வாராந்த வர்த்தமானியின் பகுதி III இல் மாவட்டம், பிரதேச செயலகப் பெயர்களைத் தேடுங்கள்.
3. பாராளுமன்றத் தளத்தில் புதிய சட்டமூலம், புதிய சட்டம் இரண்டையும் பாருங்கள்.
4. ஒரு கொப்பியில் குறியுங்கள்: இலக்கம், சான்றுரைத்த திகதி, அமலாகும் திகதி, எந்தப் பிரிவு மாறியது, நம் கையில் உள்ள எந்த வழக்கைத் தொடும்.

சட்டத்தை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தேவையில்லை. 1ஆம் பிரிவை முதலில் பாருங்கள். பெயரும் அமலாகும் திகதியும் அங்கே இருக்கும். அடுத்து நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். நீக்கம், நிலுவையிலுள்ள வழக்குகளுக்கான காப்பு ஏற்பாடு, பொருள்கோடல், மொழிப் பொருத்தமின்மை ஆகிய நான்கும் அங்கேதான் கிடக்கும். அதன் பிறகே நடுப்பகுதி. காப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் 1901இன் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 6(3)ஆம் பிரிவு கைகொடுக்கும்: பழைய சட்டத்தின் கீழ் பெற்ற உரிமையையும், புரிந்த தவறையும், தொடங்கிய நடவடிக்கையையும் நீக்கம் பாதிக்காது என்பதே பொது விதி.

மொழிப் பொருத்தமின்மைப் பிரிவைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் பொருத்தமின்மை இருப்பின் சிங்கள உரையே மேலோங்கும்" என்ற ஒரு வரி நம் சட்டங்களின் இறுதியில் வழமையாக வரும். யாழ்ப்பாணத்தில் வழக்குத் தமிழில் நடக்கிறது, நாம் வாசிப்பது தமிழ் உரை. உங்கள் வாதம் முழுவதும் ஒரு சொற்றொடரின் வீச்சில் தொங்குகிறது என்றால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்த ஒரு பிரிவையாவது சிங்கள உரையோடு ஒப்பிட்ட பிறகே எழுத்துமூலச் சமர்ப்பணத்தை முடியுங்கள்.

இந்த வழியின் குறைகளும் உண்டு. பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பீடிஎஃப்களில் சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது; சட்ட இலக்கத்தையும் ஆண்டையும் கொண்டுதான் தேட வேண்டும். நிறைவேறிய சட்டத்தின் அச்சுப்பிரதி தளத்துக்கு வரச் சில நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த இடைவெளியில் சட்டமூலத்தின் பிரதியே சட்டமென்று கைமாறும். பாராளுமன்றத்தின் குழுநிலையில், அதாவது பிரிவு பிரிவாக ஆராயும் கட்டத்தில், செய்த திருத்தங்கள் அதில் இரா. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதற்குப் பாடமான உதாரணம்: உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தைத் தொடர்ந்து குழுநிலையில் திருத்தப்பட்டு 2024 ஜனவரி 24 அன்று நிறைவேறி, பெப்ரவரி 1 அன்று சான்றுரைப்படுத்தப்பட்டது. 2023இல் வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தின் பிரதியை வைத்துக்கொண்டு ஒரு பிரிவை மேற்கோள் காட்டினால், சொற்களும் சரியாயிரா, பிரிவு இலக்கமும் சரியாயிராது.

வர்த்தமானி சொல்லாதவையும் உண்டு. நீதிச்சேவை ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள், ஒரு நீதிமன்றத்தின் உள் நடைமுறை மாற்றங்கள் அதில் வருவதில்லை.

## தீர்ப்புகள்: அறிக்கைத் தொகுப்புகளும் நீதிமன்றத் தளங்களும்

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றம் மட்டுமல்ல. விசாரணை நீதிமன்றத்தில் நிற்பவருக்கு அடிக்கடி உதவுவது ஒரு திருத்தத்தை விட, உயர் நீதிமன்றம் ஒரு பிரிவுக்குக் கொடுத்த புதிய விளக்கந்தான்.

பழைய தீர்ப்புகளுக்கு என்.எல்.ஆர். (நியூ லோ ரிப்போர்ட்ஸ்), 1978க்குப் பிறகு எஸ்.எல்.ஆர். (ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ்) என்ற வரிசை. நீதி அமைச்சின் லோநெட், பொதுநலவாய நாடுகளின் சட்டத் தகவல் தளமான கொமன்லீ ஆகியவற்றில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. சங்கமும் தன் அறிக்கைத் தொகுப்பை வெளியிடுகிறது. அச்சுத் தொகுப்பு எப்போதும் பிந்தியே வரும். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தம் தளங்களில் தீர்ப்புகளை முழுமையாக ஏற்றுகின்றன. யாழ்ப்பாணத்தில் அமரும் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுமானால் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பதே நம்பகமான வழி.

இங்கே மறைந்திருக்கும் செலவு சரிபார்ப்பு. மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உங்களுக்குச் சாதகமாகக் கிடைத்தால், அதன் வழக்கு இலக்கத்தை உயர் நீதிமன்றத் தளத்திலும் தேடுங்கள். மேன்முறையீட்டில் அது தள்ளப்பட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். தீர்ப்பு எந்தச் சட்ட வாசகத்தைப் பற்றியது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிவு பின்னர் திருத்தப்பட்டிருந்தால் அந்தத் தீர்ப்பின் பலம் குறையும். உதாரணமாக, 2017இன் 8ஆம் இலக்கத் திருத்தம் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்குள் விளக்கத்துக்கு முந்திய விசாரணையை, அதாவது சாட்சி விசாரணை தொடங்கும் முன் ஆவணங்களையும் பிணக்குகளையும் ஒழுங்குபடுத்தும் கட்டத்தை, கொண்டுவந்தது. அதற்கு முன்னைய தீர்ப்பொன்றை வைத்து ஆவணப் பட்டியல், எழுவினாக்கள் (மன்று தீர்க்க வேண்டிய கேள்விகள்) பற்றி வாதாடுவதானால், அந்தத் தீர்ப்பு இன்றைய நடைமுறையோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இலவசத் தளங்களில் உள்ள "ஒருங்கிணைத்த" சட்ட உரைகளும் அப்படியே. கடைசியாக எந்த ஆண்டு வரைத் திருத்தம் சேர்க்கப்பட்டது என்று பார்க்காமல் அவற்றிலிருந்து பிரதி எடுக்கக் கூடாது. சந்தாத் தரவுத்தளங்கள் இந்தச் சரிபார்ப்பைச் சுருக்கித் தரும். மேன்முறையீட்டு வேலை கிழமைதோறும் செய்பவருக்கே அந்தப் பணம் திரும்பும்.

அறிக்கையிடப்படாத தீர்ப்பை வழக்கு இலக்கத்தோடும் நீதிமன்றக் குறிப்பின் திகதியோடும் மேற்கோள் காட்டுவதே வழமை. மூன்று பிரதி கொண்டுபோங்கள்: நீதிபதிக்கு, எதிர்த்தரப்புக்கு, உங்களுக்கு. தீர்ப்பு ஆங்கிலத்திலும் விசாரணை தமிழிலும் நடப்பதால், நீங்கள் சார்ந்திருக்கும் பந்தியை அடையாளமிட்டு, அதன் சாரத்தை நான்கைந்து வரியில் தமிழில் எழுதி மேலே இணைத்தால் மன்றுக்கும் பதிவுக்கும் உதவி. 66ஆம் பிரிவு வழக்குகளில், அதாவது 1979இன் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழான காணிப் பிணக்குகளில், இது விசேடமாகப் பலன் தரும். 74(2)ஆம் பிரிவு அங்கே மேன்முறையீட்டை மறுக்கிறது. மேல் நீதிமன்ற மீளாய்வே மிச்சம். முதல் மன்றிலேயே சரியான தீர்ப்பு வழக்கேட்டில் ஏறியிருந்தால் மீளாய்வில் பேச இடமிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் தீர்ப்புக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: 2023இல் நியூயோர்க்கில் இல்லாத தீர்ப்புகளை இப்படிப் பெற்று மன்றில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இலங்கைத் தீர்ப்புகளைப் பற்றி அந்தக் கருவிகள் இன்னும் தைரியமாகக் கற்பனை செய்யும். மூலப் பிரதியைக் கண்ணால் காணாத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

## சங்கமும் கருத்தரங்கும்

இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்தின் அறிவித்தல்கள், யாழ்ப்பாணச் சங்கத்தின் கூட்டங்கள், பல்கலைக்கழகச் சட்டத்துறை நடத்தும் அமர்வுகள் இந்த வகைக்குள் வரும். இவற்றின் பெறுமதி வாசகத்தில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. விளக்கத்துக்கு முந்திய விசாரணையில் நம் மாவட்ட நீதிமன்றம் ஆவணப் பட்டியலை எந்தக் கட்டத்தில் கேட்கிறது, பதிவாளர் எந்தப் படிவத்தை ஏற்கிறார், சத்தியக்கடதாசியில் எந்தக் குறைக்கு மனு திரும்பி வருகிறது என்பவற்றை எந்த வர்த்தமானியும் சொல்லாது. சுற்றறிக்கைகள் முதலில் வந்து சேரும் இடமும் பெரும்பாலும் இதுதான். ஒரு சுற்றறிக்கையின் பிரதி கிடைக்காவிட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரசபையிடம் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இந்த வழி சிறப்பது பெரிய, முழுக்கோவையையும் அசைக்கும் சீர்திருத்தங்களின்போது. 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம், 2015இன் 4ஆம் இலக்கச் சட்டத்தை நீக்கிவிட்டுப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதியது. 2025இன் 5ஆம் இலக்கக் குற்றச்செயல்களின் வரும்படிகள் பற்றிய சட்டமும் அப்படிப்பட்டது. இவற்றைத் தனியாகப் படித்து விளங்கிக்கொள்வதை விட, சட்டமா அதிபர் திணைக்களத்திலோ குற்றவியல் மன்றிலோ பழகிய ஒருவர் இரண்டு மணித்தியாலம் விளக்குவதைக் கேட்பது அதிக பலன் தரும். அரை நாள் தவணைகளை மாற்றி வைத்தாவது போகலாம்.

சிறிய திருத்தங்களுக்கு இது பயன்படாது. கருத்தரங்கு ஒழுங்காகும் முன் உங்கள் வழக்கு முடிந்திருக்கும். பேசுபவரின் குறிப்புத்தாளை மன்றில் கையளிக்கவும் முடியாது. கேள்வி நேரத்தில் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: எந்தத் திகதியிலிருந்து, நிலுவை வழக்குக்குப் பொருந்துமா. பதில் தெளிவில்லையென்றால் வீட்டுக்குப் போய் 1ஆம் பிரிவையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்.

## பத்திரிகையும் வாட்ஸ்அப்பும்

வேகத்தில் இவற்றுக்கு ஈடில்லை. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளை மாலைக்குள் தெரிந்துவிடும். ஆனால் செய்தி எழுதுபவருக்கு "அமைச்சரவை அனுமதி" என்பதே ஒரு முழுச் செய்தி. நமக்கு அது இன்னும் சட்டமே அல்ல. 2023 மார்ச்சிலும் செப்டம்பரிலும் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலங்கள் வர்த்தமானியில் வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை. அந்த மாதங்களில் "பயங்கரவாதத் தடைச் சட்டம் போய்விட்டது" என்று நம்பிக் கேட்ட கட்சிக்காரர்கள் இருந்தார்கள். 1979இன் 48ஆம் இலக்கச் சட்டம் 2022இன் 12ஆம் இலக்கத் திருத்தத்தோடு அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. அந்தத் திருத்தமே தடுப்புக்காவல் கட்டளையின் உச்சகாலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. தடுப்பிலிருப்பவரின் குடும்பத்துக்குச் சொல்லும் கணக்கு இந்த வாசகத்திலிருந்து வர வேண்டும், தலைப்புச் செய்தியிலிருந்து வரக் கூடாது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றிய செய்திகளும் அப்படியே. கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை ஈடோ விற்பனையோ செய்ய முடியாது என்ற விதியை மாற்றப் போகிறார்கள் என்று காலத்துக்குக் காலம் எழுதப்படுகிறது. அந்த விதி மாற வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் 1911இன் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தும் ஒரு சட்டம் சான்றுரைப்படுத்தப்பட்டதைக் கண்ணால் காணும்வரை, நொத்தாரிசு வேலை செய்பவர் சம்மதக் கையொப்பம் இல்லாமல் உறுதி முடித்தால் பின்னால் அழிவது வாங்கியவரின் உரித்து.

வாட்ஸ்அப்பில் வரும் பீடிஎஃப்பை நம்பலாமா என்பதை முதற்பக்கமே சொல்லும். "சட்டமூலம்" என்றிருக்கிறதா, சான்றுரைத்த திகதி சதுர அடைப்புக்குள் இருக்கிறதா, சட்ட இலக்கமும் ஆண்டும் இருக்கின்றனவா, வர்த்தமானிக் குறைநிரப்பியின் திகதி இருக்கிறதா. சான்றுரைத் திகதி இல்லாதது சட்டமல்ல. முதற்பக்கம் இல்லாமல் நடுப்பக்கத்தை மட்டும் படம்பிடித்து அனுப்பியிருந்தால் முழுப் பிரதியைக் கேளுங்கள்.

## யாருக்கு எது

குற்றவியல் வழக்குப் பார்ப்பவர் முதலில் பிடிக்க வேண்டியது வர்த்தமானி, அடுத்தது மேன்முறையீட்டு நீதிமன்றத் தளம். 2022 நவம்பரில் வந்த 41ஆம் இலக்க நச்சுப் பொருட்கள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் திருத்தச் சட்டம் ஐஸ் எனப்படும் மெத்தாம்பிற்றமினுக்கு ஐந்து கிராமை எல்லையாக்கி மரண தண்டனையைக் கொண்டுவந்தது. சம்பவத் திகதி சட்டம் வருவதற்கு முந்தியதா என்பதே சில வழக்குகளில் முழுப் பாதுகாப்பும். அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை, குற்றம் புரிந்த நேரத்தில் இருந்ததை விடக் கடுமையான தண்டனையை விதிக்க இடமளிப்பதில்லை. குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும் சம்பவத் திகதிக்குப் பக்கத்தில் சட்டத்தின் திகதியை எழுதும் பழக்கம் வேண்டும். நிறை எல்லையோரத்தில் இருந்தால் அரச பகுப்பாய்வாளர் அறிக்கையில் தூய பொருளின் நிறையும் மொத்த நிறையும் தனித்தனியாகச் சொல்லப்பட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

காணி, பங்குவழக்கு, நொத்தாரிசு வேலை செய்பவருக்கு வர்த்தமானியின் பகுதி III க்கு மாற்றே இல்லை. இவர்களுக்குப் பத்திரிகையும் உதவும், ஆனால் ஒரு காரணத்துக்காக மட்டும்: புலத்தில் இருக்கும் உரித்தாளர் அதைப் படித்துவிட்டு இரவில் அழைப்பார். பதில் தயாராக இருக்க வேண்டும்.

தொழிலுக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகாதவர் சங்கக் கூட்டங்களை அதிகமாகப் பயன்படுத்துவது நல்லது. வாசகத்தை எவரும் தேடிப் படிக்கலாம். எந்தப் பிரிவை எந்த மன்று எப்படிக் கையாள்கிறது என்பது பேசிப் பழகித்தான் வரும்.

கிழமைக்கு ஒரு மணித்தியாலமும் கிடைக்காதவர் நாலைந்து பேராகச் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் அதி விசேட வர்த்தமானி, ஒருவர் பகுதி III, ஒருவர் உயர் நீதிமன்றம், ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றம். சனிக்கிழமை மாலைக்குள் ஒவ்வொருவரும் குழுவில் ஒரே வடிவத்தில் போட வேண்டும்: சட்ட இலக்கம் அல்லது வழக்கு இலக்கம், திகதி, ஒரு வரிச் சாரம், மூலக் கோப்பு. மூலக் கோப்பு இணைக்காத பதிவு ஏற்கப்படாது என்ற விதியை முதல் நாளே போடுங்கள். இந்த ஏற்பாடு பிசகுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஒருவர் இரண்டு கிழமை பார்க்காமல் விட்டதை மற்றவர்கள் "மாற்றம் ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்வதில். ஒன்றும் இல்லாவிட்டாலும் "இந்தக் கிழமை எதுவும் இல்லை" என்று எழுதியே ஆக வேண்டும்.

வழியை எப்படித் தேர்ந்தாலும் சட்டக்கோவையின் சொந்தப் பிரதியைத் திருத்தி வைக்கும் வேலை தனியாக இருக்கிறது. குற்றவியல், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைகள், தண்டனைச் சட்டக்கோவை, சான்றுக் கட்டளைச் சட்டம், பிணைச் சட்டம் ஆகிய ஐந்துக்குமாவது இதைச் செய்யுங்கள். திருத்தச் சட்டத்தை ஒற்றைப் பக்கமாக அச்சிட்டு, உரிய பிரிவை வெட்டிப் பழைய பிரிவின் ஓரத்தில் ஒட்டி, அதன்மேல் அமலாகும் திகதியைப் பேனையால் எழுதுங்கள். பழைய வாசகத்தை மறைத்து ஒட்டக் கூடாது. 2016இல் நடந்த சம்பவத்துக்கான வழக்கு இன்னும் தவணையில் இருக்கும்போது அந்த வாசகம்தான் தேவைப்படும்.